பெருநாள் டின்னில் காய்ந்த பாண்

ஊர் ஊராகப் பெயின்ட் அடித்துத் திரிந்த எனக்கு, சும்மா தருகிறவர்கள் மீது எப்போதும் சந்தேகம்தான். ஓரிடத்தில் புளித்த சோற்றைத் தானமென்று தந்திருக்கிறார்கள்.

கல்முனையில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரியை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். நோன்புப் பெருநாளன்று அவர் எனக்கொரு கேக் டின் தந்தார். அறைக்குப் போய் மூடியைத் திறந்தால், ஓடு மாதிரிக் காய்ந்த பாண் ரொட்டித் துண்டுகள். இவ்வளவுதானா என் மதிப்பு? அறையைக் காலி செய்யும் எண்ணத்தோடு டின்னைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"பழம்பாண் எனக்கு வேணாம் ராத்தா. கோழிக்குப் போடுங்க."

"பாணுக்குக் கீழ பாக்கலியா தம்பி? மூணு நாளைக்கு முந்திச் சுட்ட கேக். அது காயாம இருக்கத்தான் பாண் வெச்சன். பாண் தன்ட ஈரத்தக் குடுத்துட்டுக் காஞ்சிரும். எடுத்துட்டுத் தர மறந்துட்டன்."

துண்டுகளை எடுத்துவிட்டு, கேக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னார். விரலுக்குக் கீழே கேக் அமுங்கி, மெல்ல எழுந்தது.

"இப்பச் சொல்லுங்க, கோழிக்குப் போடட்டா?"

டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நான் ஆகக் கூடுதலான காலம் தங்கியது அந்த அறையில்தான். சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் யாராவது எதையாவது தந்தால், இப்போது அடிவரை பார்த்துவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.