சொல்ல முடியாத இடத்தில் ஒரு கட்டி

எங்கள் வீட்டில் கட்டி வராத ஆள் கிடையாது. வெயில் ஏற ஏற யாராவது ஒருவருக்கு எங்காவது ஒன்று கிளம்பிவிடும். அப்பாவுக்கு ஒரு வருஷம் பிடரியில் வந்தது. சட்டைக் காலர் உரசக் கூடாதென்று, ஆறும்வரை பனியனோடேதான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்வந்தார். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, உட்காருகிற இடத்தில் வந்தது. அவர் ஆட்டு வியாபாரி. அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, இவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாராம். கண்டக்டர் உட்காரச் சொன்னதற்கு, "இல்லண்ணே, நான் நின்னு சம்பாரிக்கிற பரம்பரை" என்றாராம். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் கீறி, சீழை எடுத்து, புண்ணுக்குள் துணித் திரி வைத்து அனுப்பினார்கள். அந்தக் கதையைக் கல்யாணப் பந்தியில்கூடக் கூச்சமில்லாமல் சொல்வார். கேட்கிறவர்கள் சாம்பாரை வேண்டாமென்று தள்ளிவைப்பார்கள்.

அத்தைக்கு விரலில் வந்தது. அப்பாவின் அக்கா அவள். எங்களுக்கு அடுத்த வீடு. நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, தானாகப் பழுத்து உடையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். உடைந்தது, ஆறியது. ஆனால் விரல் நுனி உள்வாங்கிச் சூம்பிப்போய், நகம் ஒருபக்கமாகக் கோணி முளைத்தது. அத்தைக்கு அதில் வருத்தமே இல்லை. யாராவது ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் அந்த விரலைத்தான் தூக்கிக் காட்டுவாள். "நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்? வந்ததும் தெரியாம போனதும் தெரியாம ஆறிப்போகல?" என்பாள்.

கட்டி என்பது எங்கள் வீட்டில் ரகசியமில்லை என்று சொல்லத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். வலியும் கேலியும் வைத்தியமும் ஒன்றாகவே நடக்கும். அதனால்தான் அம்மாவுக்கு ஒரு கட்டி வந்தபோது ஒருவரும் வாயைத் திறக்காதது எனக்கு விசித்திரமாக இருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை லீவு அது. அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. தம்பி. பிறக்கும்போதே அவனுக்கு மூச்சில்லை. அம்மா மயக்கம் தெளிந்து கண் திறப்பதற்குள் அப்பாவும் மாமாவும் அவனைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டார்கள். பார்த்தால் மனசு தாங்காது, பார்க்காமல் இருப்பதே நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். யாருக்கு மூக்கு, யாருக்கு நிறம் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். வந்து படுத்த ஓரிரு நாளில் பால் வந்தது. குழந்தை இல்லை என்பதை அவள் உடம்புக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். மல்லிகைப் பூவை நெருக்கித் தொடுத்து, மார்பில் வைத்து, மேலே துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். காலையில் வைத்த பூவைச் சாயங்காலம் மாற்ற வேண்டும். பால் தானாக வற்றிவிடும் என்பது நம்பிக்கை. வற்றுவதும் உண்டு. எங்களுக்கோ பூவுக்குப் பஞ்சமில்லை. வீட்டைச் சுற்றி மல்லிகைக் கொல்லைதான். விடியலில் பறித்ததை அப்பா மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டும்போது, அத்தை இரண்டு கை அள்ளி முறத்தில் எடுத்து வைத்துக்கொள்வாள். அப்பா எதற்கு என்று கேட்க மாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அது வைத்தியம் என்று எனக்குத் தெரியாது. தம்பி செத்துப்போன வீட்டில் அம்மா எதற்கு இவ்வளவு பூ வைத்துக்கொள்கிறாள் என்று யோசித்தேன், அவ்வளவுதான். அறை முழுக்கக் கல்யாண வீட்டு மணம். அம்மாவின் சின்னாளப்பட்டிச் சேலை முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் ஒன்றைப் பார்த்தேன். அத்தை கட்டிவிட்டு அந்தப் பக்கம் போனதும், அம்மா முந்தானைக்குள் கையை விட்டு முடிச்சைத் தளர்த்திப் பூவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவாள். அத்தையின் மெட்டிச் சத்தம் வாசலில் கேட்டால் மறுபடி எடுத்து வைத்துக்கொள்வாள். நார் குத்துகிறது போல என்று நினைத்தேன். அவள் என்னிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. ஒருபக்க மார்பு சிவந்து, கல் மாதிரி இறுகி, கைபட்டால் அலறுகிற அளவுக்கு வந்துவிட்டது. அத்தை பார்த்துவிட்டு, "பால் கட்டியிருக்கு, பழுக்கட்டும்" என்றாள். அரிசி மாவைக் களியாகக் கிண்டி, பொறுக்கிற சூட்டில் வெற்றிலையில் தடவிக் கட்டினாள். வெங்காயத்தைச் சுட்டு வைத்தாள். விரலுக்குச் செய்ததை, பிடரிக்குச் செய்ததை, இதற்கும் செய்தாள். அன்பில்லாமல் செய்தாள் என்று சொல்ல மாட்டேன். இரவும் பகலும் கூடவேதான் இருந்தாள். ஆனால் அப்பாவிடம் மட்டும் காய்ச்சல் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா நிலைப்படியில் நின்று, "எப்பிடியிருக்கு?" என்பார். "காய்ச்சல்தான்" என்பாள் அம்மா. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்குள் அவர் வருவதில்லை. பிடரிக் கட்டியை மார்க்கெட் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்த மனிதருக்கு, சொந்த மனைவிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை.

மூன்றாவது தடவை காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனபோது என்னையும் வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். மெடிக்கல் கடைக்காரர் நல்ல மனிதர், நிதானமாக விசாரித்தார். சளி இருக்கா, வாந்தி இருக்கா, ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் இருக்கா. எல்லாவற்றுக்கும் அப்பா இல்லை இல்லை என்று தலையாட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லப்பா. மாமாவுக்கு வந்துச்சுல்ல, அந்த மாதிரி கட்டி. பாப்பா பால் குடிக்கிற எடத்துல."

கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கப் போனவர், கத்தரியைக் கீழே வைத்தார். கடையில் நின்றிருந்த இன்னொருவர் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். அப்பாவின் காது மடல் சிவந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைக்காரர்தான் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இது மாத்திரைல நிக்கிற சங்கதி இல்ல. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாமா வந்திருந்தார். அப்பா சொன்ன பாதியிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அத்தை என்னைப் பார்த்து, ஆம்பளைகள் முன்னால் பேசுகிற பேச்சாடி இது என்று கையை ஓங்கினாள். மாமா குறுக்கே வந்து நின்றார். எப்போதும் சிரிக்கிற முகம், அன்று சிரிக்கவில்லை.

"ஆட்டுக்கு மடி வீங்குனா அன்னைக்கே ஊசி போட ஓடுறோம். எங்கக்காவுக்குன்னா களி கிண்டிக் கட்டிக்கிட்டு இருப்பீகளோ?"

"ஆடும் அக்காவும் ஒண்ணாடா ஒனக்கு?"

"ஆட்டுக்குக் குடுக்கிற மரியாதையாச்சும் குடுங்கன்றேன், மதினி."

அத்தை அம்மாவுக்கு மாற்றுச் சேலை எடுக்க உள்ளே போனாள்.

ஆட்டோவில் போகும்போது அம்மாவுக்குப் பல் கிட்டித்தது; அந்த வெயிலிலும் போர்வை. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர், ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பொம்பளை டாக்டர் இல்லையா என்று அத்தை கேட்டாள். பிரசவ வார்டில் இருக்கிறார், வர நேரமாகும் என்றார் சிஸ்டர். டாக்டர் கோபப்படவில்லை.

"ஏனுங்கம்மா, முதுகுல வந்தாலும் தொடையில வந்தாலும் எனக்கு ஒரே வேலைதானுங்க. சீழுக்கு வழி விட்டாகணும். சும்மா விட்டா ரத்தத்துல கலந்துரும். அப்புறம் உசுருக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாதுங்க."

பழுத்து உடையட்டும் என்றுதான் விட்டிருந்தோம் என்று அத்தை சொல்லி, வழக்கம்போல அந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாக் கட்டியும் மேலே பார்த்து வாய் வைக்காது, இந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறை அறையாகப் பரவும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், விரலை விடுவதற்கு முன்னால், "இதுவுமே எலும்பு வரைக்கும் போயிருக்குதுங்க. அப்பவே கீறியிருந்தா விரல் முழுசா இருந்திருக்குமுங்க" என்றார். அத்தை கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த விரலை அவள் யாருக்கும் தூக்கிக் காட்டி நான் பார்க்கவில்லை.

 டாக்டர் எழுந்திருக்கப் போனபோதுதான் அம்மா கேட்டாள்.

"கீறுனா பால் நின்னுருமா, சார்?"

டாக்டர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நல்ல சேதி சொல்கிறவர் மாதிரிச் சிரித்தார். "நின்னுருமுங்கம்மா. அதுக்குத் தனியா மாத்திரையும் தர்றேன். கொஞ்ச நாள்ல சுத்தமா வத்திருமுங்க. கவலையே படாதீங்க."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  அத்தை, இனி நிம்மதி என்று அவள் காலைத் தடவிக்கொடுத்தாள். அப்பா கதவுக்கு வெளியே நின்று, சரியென்று சொல்லச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கத்திக்குப் பயப்படுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். தலை வாராமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. என் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்புறம் டாக்டரிடம், "பண்ணுங்க" என்றாள்.

மயக்கம் கொடுத்துக் கீறினார்கள். ஒரு டம்ளருக்கு மேல் சீழ் வந்ததென்று சிஸ்டர் வெளியே வந்து சொன்னார். இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டாள் என்று மாமாவிடம் டாக்டர் சொன்னாராம். மாமா அதை மறைக்கவில்லை. பந்தியில் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் கட்டு மாற்றப் போய்வர வேண்டியிருந்தது. அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுவார், துணைக்கு நான் உள்ளே போவேன். திரைக்குப் பின்னால் அம்மாவை உட்கார வைத்து, சிஸ்டர் பழைய திரியை இடுக்கியால் பிடித்து இழுப்பார். அது வந்துகொண்டே இருக்கும்; இவ்வளவு துணி எப்படி உள்ளே இருந்தது என்று எனக்கு ஆச்சரியம். கழுவிப் புதுத் திரி வைப்பார்கள். அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள், முகம் வெளுத்துப்போகும், ஆனால் ஒரு சத்தம் வராது. கல்லு மனசும்மா உங்களுக்கு என்று சிஸ்டர் பாராட்டுவார். வைக்கிற திரி நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது.

கடைசியாகப் போன நாளில் திரி வைக்கவே இல்லை. புண் மூடி, இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் நின்றது. சிஸ்டர் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார்.

"பால் சுத்தமா நின்னுருச்சு. ஒரு சொட்டு இல்ல. இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லம்மா."

அதுவரை அழாத அம்மா அப்போது அழுதாள். தம்பி போனதைச் சொன்னபோது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், திரி உருவும்போது முனகாதவள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். சிஸ்டர் பதறிப்போய், வலிக்குதா, நான் ஒண்ணும் பண்ணலையே என்றார். அவசரமாக டாக்டரைக் கூப்பிட வெளியே போனார்.

தம்பி வந்துபோனதற்கு அம்மாவிடம் மிச்சமிருந்தது அந்தப் பால் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரிய, நானே ஒரு பிள்ளையைப் பெற்று மடியில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு வலிக்கிறது என்பது மட்டுமே. வலிக்கிற இடம் அந்தச் சிவப்புக் கோடுதான் என்று நினைத்தேன். ஸ்டூலில் ஏறி நின்று, குனிந்து, அதன்மேல் வாயைக் குவித்து ஊத ஆரம்பித்தேன்.

அங்கே வலிக்கவில்லை என்று அம்மா சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்கும்வரை அசையாமல் உட்கார்ந்து, ஊத விட்டாள்.