இரண்டு டியூப், ஒரு கிண்ணம்

ராயபுரத்தில் ரிசர்ச் நர்ஸாக இருந்தபோது எனக்குப் பல தடவை மண்டை குழம்பியிருக்கிறது. ஆனால் கன்னியம்மா, மேரி கேஸ் போல இன்னொன்று இல்லை. மருந்து ட்ரயல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு ஒரு புதிய ஜெல்லைச் சோதித்தோம். பாதிப் பேருக்கு மருந்துள்ள டியூப், மீதிப் பேருக்கு வெறும் ஜெல். பார்க்க இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கன்னியம்மாவும் மேரியும் காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்பவர்கள். இருவருக்கும் உள்ளங்காலில் புண். மேரிக்குச் சின்னது. கன்னியம்மாவுக்குக் கட்டைவிரலுக்கு அடியில் ஆழமான புண். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

விசிட்டுக்கு விசிட் இரண்டு புண்ணும் சுருங்கின. சந்தோஷமாக இருந்தது. ஆனால் திரும்பி வந்த டியூப்களை எடை போட்டால் இரண்டும் ஒரே அளவு காலி! சின்னப் புண்ணுக்கும் பெரிய புண்ணுக்கும் எப்படி ஒரே அளவு ஜெல் செலவாகும்?

"என்ன மேரிம்மா, இந்தச் சின்னப் புண்ணுக்கு இவ்வளவா போடுறீங்க?" என்றேன்.

மேரியை முந்திக்கொண்டு கன்னியம்மா சொன்னார்: "ஒண்ணுல மருந்து கீது, ஒண்ணுல இல்லன்னு நீதான சிஸ்டர் சொன்ன? யாருக்கு எதுன்னு ஒனக்கே தெர்லன்ன. அதான் ரெண்டையும் ஒரு கிண்ணத்துல பிதுக்கி, கலந்து, ஆளுக்குப் பாதி. மொத நாள்லேர்ந்தே அப்டித்தான். அவ காலுக்கு நானு, என் காலுக்கு அவ போட்டுகினு கீறோம்."

சிரிப்பதா, திட்டுவதா என்று புரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். கலந்து போட்டால் ஒப்பிட முடியாது என்று இருவரையும் ட்ரயலிலிருந்து எடுத்தார்கள். வழக்கமான டிரஸ்ஸிங் தொடரும், டியூப் மட்டும் கிடையாது.

கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மருந்த நிறுத்திட்டா என் வெரலு பூடுமே சிஸ்டர்!"

நான் வாயைத் திறந்ததால் ஒருத்தியின் விரல் போய்விடுமோ என்று அடுத்த சில வாரங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விரல் போகவில்லை. புண் மூடிக்கொண்டது. ட்ரயல் முடிந்து, யாருக்கு எந்த டியூப் என்ற ரகசியப் பட்டியலைத் திறந்த அன்று முதலில் அவர்கள் நம்பரைத்தான் தேடினேன். இரண்டு டியூபும் வெறும் ஜெல்.

"அப்போ எது மேடம் ஆத்திச்சு?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கட்டு ஒழுங்கா மாத்தினாங்க, சுகர் குறைஞ்சுது. ஆனா அதே கவனிப்பு மத்தவங்களுக்கும்தானே குடுத்தோம், பல பேருக்கு ஆறலையே? தெரியலம்மா" என்றார்.

அன்றிலிருந்து ட்ரயலுக்கு யார் வந்தாலும், தெரிந்தவர் வேறு யாராவது இதில் இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். எது ஆற்றியது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பட்டியலைப் பார்த்த அந்த வாரமே மார்க்கெட்டுக்குப் போய், இரண்டு டியூபிலும் மருந்தில்லை என்று சொன்னேன். கன்னியம்மா நம்பவில்லை. "போ சிஸ்டர், தப்பா சொல்லிக்கிறாங்க. மேரி டியூப்லதான் மருந்து இருந்துச்சு."

"ஐயே, என்துல இன்னா இருந்துச்சு?" என்றார் மேரி. "எல்லாம் இவ டியூப்தான் சிஸ்டர்."