ஐம்பத்தொரு டாலர் ஜனநாயகம்

ஒரு நகரமன்றத் தேர்தலை ஒற்றை டாலரில் கவிழ்க்கப் பார்த்தவன் நான். எதிரணி ஆள் இல்லை. வேட்பாளரே நம்பி நியமித்த நன்கொடைப் பொறுப்பாளர்.

வேட்பாளர் எங்கள் தெருவில் டேகேர் நடத்தும் தமிழ்ப் பெண்மணி. சான் ஹோசேக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் சிறு நகரத்தில், பள்ளி வாசலில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும் என்று வருடக்கணக்காக மன்றக் கூட்டங்களில் பேசினார். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி மைக்கை அணைத்தார்கள். கடைசியில் அவரே தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்தார். எதிர்த்து நின்றவருக்குப் பின்னால் வீடு கட்டி விற்கும் கம்பெனிகள் இருந்தன. இவருக்குப் பின்னால் நான் இருந்தேன்.

எங்கள் நகரத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கம்பெனிப் பணம் வேண்டாம், ஊர்க்காரர்களிடம் ஆளுக்கு ஐம்பது டாலர் வரை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று வேட்பாளர் எழுதிக் கொடுத்தால், அப்படி வரும் ஒவ்வொரு டாலருக்கும் நகரம் வரிப்பணத்திலிருந்து ஆறு டாலர் சேர்த்துக் கொடுக்கும். ஜெயித்தவர் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதுதான் நோக்கம். ஆனால் வேட்பாளருக்கு நிஜமாகவே ஆதரவு இருக்கிறது என்று காட்ட, கெடுவுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நன்கொடையாளர்கள் சேர வேண்டும். சேராவிட்டால் பைசா கிடையாது. எச்-1பி விசாக்காரர்கள் நன்கொடை கொடுக்கக் கூடாது. வரி மட்டும் தாராளமாகக் கட்டலாம்.

விதிகளை நான் படித்தேன். படித்துவிட்டுச் செய்தேன் என்பதுதான் இதில் கேவலம். 'ஐம்பது வரை' என்பதை ஃப்ரீவே வேக வரம்பு மாதிரி எடுத்துக்கொண்டேன். அறுபத்தைந்து என்று போர்டு இருக்கும் இடத்தில் எழுபதில் போனால் யார் கேட்கிறார்கள்? தவிர, நல்ல காரியத்துக்கு மொட்டையாக ஐம்பது கொடுப்பதாவது. வாட்ஸ்அப் குழுவில் "மறக்காமல் ஐம்பத்தொன்றாகக் கொடுக்கவும்" என்று எழுதி, ஒரு குத்துவிளக்குப் படமும் போட்டேன். நம் ஜனங்கள் சொன்னதைக் கேட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. நம்மவர் வீட்டு செக் அத்தனையும் ஐம்பத்தொன்று.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில், நகர அலுவலகத்துப் பெண் அதிகாரி செக்குகளைப் புரட்டிவிட்டு, ஏன் எல்லோரும் ஒரு டாலர் கூடப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் பண்பாடு என்றேன். அழகான பண்பாடு என்று பாராட்டி, மொத்தத்தையும் திருப்பித் தந்தார். ஒன்றுகூடக் கணக்கில் சேராது. அதே ஆட்களிடம் ஐம்பதுக்குள் புது செக் வாங்கி வந்தால் சேரும்.

வேட்பாளர் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அண்ணா, ரூல்ஸ் படிச்சீங்கதானே?"

"ரெண்டு தடவை."

"சரி, கார எடுங்க. வீடு வீடா போய் மாத்திட்டு வந்துடலாம்."

பல வீடுகளில் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டது ஈரோட்டுப் பக்கத்து அங்கிள் ஒருவரிடம். மகனோடு இருக்க வந்து கிரீன் கார்டு வாங்கியவர். மாலை வாக்கிங்கில் தெருவின் பெரியவர்கள் எல்லாம் அவர் பின்னால்தான் நடப்பார்கள். அவர் மாற்றாவிட்டால் அவர்களும் மாற்ற மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் எண்ணிக்கை சேராது.

"ஏனுங் தம்பி, வெச்ச மொய்யிலிருந்து ஒத்த ரூபாய உருவறதுங்களா? அந்தப் புள்ளைக்கு வெளங்குங்களா?"

"லிமிட் ஐம்பதுதான் அங்கிள்."

"அப்ப நாப்பத்தொன்னா வாங்கிக்குங்க."

வேட்பாளர் பொறுமையாகச் சொன்னார். "அங்கிள், நீங்க ஒம்பது கொறச்சா சிட்டி ஐம்பத்துநாலு கொறச்சிடும். நீங்க ஐம்பது வெச்சா அவங்க முந்நூறு வெப்பாங்க."

"முந்நூத்தம்பதுங்களா? அதும் பூச்சியத்துலதானுங்களே முடியுது."

இத்தனை வருட சாஃப்ட்வேர் வாழ்க்கையில் எனக்கு ஏதாவது தோன்றியது என்றால் அந்த நிமிடத்தில்தான்.

"அந்த முந்நூறு யார் காசு தெரியுமா அங்கிள்? ஊர்ல வரி கட்டற எல்லார் காசும். உங்க பையன் காசு இருக்கு. எதிர்த்து நிக்கறவர் காசும் இருக்கு."

அங்கிள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதிராளியே மொய் வெக்கறானுங்களா?"

"ஆமா அங்கிள். நீங்க முழுசா ஐம்பது வெச்சாத்தான் அவரும் முழுசா வெப்பாரு."

"அட, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா." உள்ளே திரும்பி மருமகளிடம், "கண்ணு, செக் புக்க எடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் மாலை வாக்கிங் கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டு கராஜுக்குள் புகுந்தது. பொதுநிதியின் தத்துவத்தை அங்கிள் அவர்களுக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். நான் பேனா மட்டும் கொடுத்தேன். கெடுவுக்கு முந்தின நாளே அதிகாரி எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை குத்தினார். நகரத்தின் பணம் வந்தது. தமிழிலும் ஸ்பானிஷிலும் வியட்நாமியிலும் நோட்டீஸ் அடித்து, ஒரு கதவு விடாமல் தட்டினோம். ஜெயித்தோம். அவர் கொண்டுவந்த முதல் தீர்மானமே அந்த சிக்னல்தான். இப்போது பள்ளி வாசலில் நிற்கிறது. அதற்காகவே நான் சுற்று வழியில் ஆபீஸ் போகிறேன். சிவப்பு விழுந்தால் சந்தோஷமாக இருக்கிறது.

வெற்றி விருந்தில் தட்டும் கையுமாக நின்றவர்களை நிறுத்தி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இந்தப் பெண்மணி எந்தக் கம்பெனிக்கும், எந்தத் தனி மனிதருக்கும் கடமைப்பட்டவர் இல்லை, பொதுப்பணத்தில் வந்த பொது மனுஷி என்று முடித்தபோது கைதட்டல் பலமாக இருந்தது. அங்கிளும் தட்டினார். பிறகு என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"நல்லாப் பேசினீங் தம்பி. வர்ற தையில நம்ம பேரனுக்குக் காதுகுத்துங்க. அந்தப் புள்ள திருப்பி வெக்கறது அம்பதுங்களா, முந்நூத்தம்பதுங்களா?"