மெஷினுக்குக் காய்ச்சல் பார்க்கிற தையல்காரம்மா

தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே ஊசிக்கடியில் விட்டுவிட்டுத் தையல்காரம்மா எழுந்து வருவார். டிரெட்மில்லின் மோட்டார் மூடிமேல் உள்ளங்கையை வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "ஐயோ, கொதிக்குது! எறங்குங்க, எறங்குங்க." அதில் நடந்துகொண்டிருக்கும் அவருடைய வீட்டுக்காரர் முனகிக்கொண்டே இறங்குவார்.

பக்கவாதத்தில் கணவருடைய வலது கால் இழுத்துக்கொண்டது. நடக்காமல் விட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யாரோ துணி காயப்போட வைத்திருந்த இந்தக் கிழட்டு மெஷினை மகன் வாங்கி வந்தான். கொஞ்ச நேரம் ஓடினால் போதும், கருகல் வாடை அடித்து நின்றுவிடும்.

"தூக்கிப் போடும்மா, தலைவலி" என்றான் மகன்.

"வயசாயிடுச்சுன்னா தூக்கிப் போட்டுடுவியா? அப்ப எங்களையும் போடு."

எந்த மெஷின் முனகினாலும் தையல்காரம்மாவின் கை தானாகத் தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். இதற்கும் போயிற்று. பெல்ட்டைத் தூக்கித் தாராளமாக ஊற்றினார். மறுநாள் வீட்டுக்காரர் ஏறியதும் பெல்ட் வழுக்கி வெடுக்கென்று இழுத்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கினார் மனிதர். அடி ஒன்றும் இல்லை, பயந்துதான் போனார். "செத்தாலும் இனிமே அதுல ஏற மாட்டேன்" என்று கட்டிலில் சுருண்டவர், அப்புறம் நடக்க எழுந்திருக்கவே இல்லை.

தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது: தப்பு தன்னுடையது, கால் அவருடையது. ஆனாலும் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவர். ரிப்பேர்காரருக்கு போன் போட்டு, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டார். "என்னக்கா நீங்க! அதுக்கு சிலிக்கான் ஆயில்தான் விடணும். நீங்க ஊத்தினது பெல்ட்டையே தின்னுடும்."

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பெல்ட்டைத் தளர்த்தி, துணியில் பிசுபிசுப்பு ஒட்டாத வரை அதன் அடியில் இருக்கும் பலகையைத் துடைத்தார். மோட்டார் மூடியைக் கழற்றினால், அடேயப்பா, ஒரு தலையணைக்கு ஆகும் தூசி! "பின்ன சூடாகாம என்ன செய்யும், மூச்சே விட முடியலியே" என்று பிரஷ்ஷால் வழித்தெடுத்தார். புதிதாக வாங்கிய சிலிக்கான் எண்ணெயைப் பலகையின் நடுவில் மெல்லிசாக இழுத்துவிட்டார். தாராளம் காட்டப் பார்த்த கையை அதட்டி நிறுத்தினார். பெல்ட்டை விறைப்பாக இழுக்காமல் அளவாக இறுக்கினார்.

அடுத்து அவர் செய்ததுதான் வீட்டில் யாரும் எதிர்பார்க்காதது. எஸ்கலேட்டர் என்றாலே பயந்து படியேறிப் போகிறவர், பிளக்கைச் செருகிவிட்டுத் தானே மெஷினில் ஏறினார். கம்பியை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். "வழுக்குச்சுன்னா மொதல்ல நான் விழறேன். நீங்க பாத்துக்கிட்டு இருங்க."

பெல்ட் வழுக்கவில்லை. கருகல் வாடையும் வரவில்லை. தையல்காரம்மாவுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

"போதும், எறங்கு. மூச்சு வாங்குது பாரு."

"நீங்க ஏறுறீங்கன்னா எறங்கறேன். இல்லன்னா நடந்துக்கிட்டே இருப்பேன்."

வீட்டுக்காரர் எழுந்து, சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து வந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினார். மனைவி இறங்கியதும் அவருடைய தோளைப் பற்றிக்கொண்டு, நல்ல காலைத் தரையிலேயே விட்டுவிட்டு, வராத வலது காலைத் தூக்கி முதலில் பெல்ட்டின்மேல் வைத்தார்.