இன்னைக்கு யாரு அம்மா?

மகளின் சளிக்காகக் கொதிநீரில் யூகலிப்டஸ் தைலம் விட்டதும், பெருமாள்மலையில் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த காப்பித் தோட்டத்து லயன் வீடுகள் நினைவில் எழுந்தன. இப்போது அங்கே ஒரு விடுதியின் கார்கள் நிற்கின்றன. எட்டு வீடுகளுக்கும் ஒரே தகரக் கூரை, மழை வந்தால் எல்லாருக்கும் ஒரே இரைச்சல். பெண்கள் வெள்ளனே காப்பி பறிக்கப் போக, பிள்ளைகளைப் பார்க்க முறைவைத்து ஒருத்தி மட்டும் தங்குவாள்; கண் விழித்ததும் நாங்கள் கேட்பது, "இன்னைக்கு யாரு அம்மா?" என்பதுதான். பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தையின் முறையென்றால், "ஏலே, அழுறவுக எல்லாரும் சேந்து வெரசா அழுது முடிங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்பாள், அழுகை சிரிப்பாகிவிடும்.

கணவர் கோவையில் வேலை பார்க்கிறார்; செண்பகனூரின் இந்த வாடகை வீட்டில் எல்லா நாளும் என் முறைதான். பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களை நம்பி, அழுகைக்கு ஐந்து நிமிடம்தான், அதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்று விதி வைத்தேன். நேற்று ஆறாவது நிமிடத்தில் அவளை அறைந்துவிட்டேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆவி பிடிக்கப் போர்த்திய துண்டுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்:

"அம்மா, இப்ப அழலாமா?"

"அழுடா தங்கம்" என்றேன்.

துண்டை விலக்கி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் அழத் தொடங்கினாள்.