பால்கனியில் கேட்ட எஞ்சின்

பழைய பீட்டில் காரின் எஞ்சின் பின்னால் இருக்கும். அதைக் குளிர வைப்பது தண்ணீர் அல்ல, காற்று. அதனால் சத்தமும் அதிகம். ஐடி கம்பெனியில் பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கிய எனக்கு, அந்தச் சத்தத்தில் எது இயல்பு, எது கோளாறு என்று கடைசி வரை பிடிபடவில்லை. வண்டியின் குரலே இதுதான் என்று மல்காஜ்கிரி மெக்கானிக் அடித்துச் சொல்வார். கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஓட்டி வருவதற்குள் குரல் இருமலாகியிருக்கும். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் நின்று கேட்பதால்தான் குழம்புகிறேனோ என்று தோன்றியது.

ஒரு ஞாயிறு காலை கார்புரேட்டரைச் சரிசெய்துவிட்டு மனைவியிடம் சாவியைக் கொடுத்தேன். நான் மாடிக்குப் போனதும் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக மிதிக்கச் சொன்னேன்.

பால்கனியில் கண்ணை மூடி நின்றேன். சத்தம் வந்தது. திணறல் இல்லை, இருமல் இல்லை. இத்தனை மாதங்களாக நான் தேடியது அதுதான்.

"அதேதான், விடாம மிதி" என்று கீழே குனிந்து கத்தினேன்.

"கைக்கு இப்படிக் கத்துறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள், ‘எதற்கு’ என்பதை ஊர் உருதுவில் ‘கைக்கு’ என்றே சொல்லும், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி. லிஃப்டில் ஏறி வந்திருந்தாள். கையில் கார் சாவி. "வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. கரண்ட் போயிருச்சு, ஜெனரேட்டர் ஓடுது."

கீழே அது இன்னும் அருமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.