ஒரு நட்டு மிச்சம்

எங்கள் கார் ஓடிய நாட்களைவிடத் திறந்து கிடந்த நாட்கள்தான் அதிகம். சுரங்கத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, வாங்க ஆள் கிடைக்காமல் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போன கறுப்புக் கார் அது. ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லைனில், வேறு யாரிடமும் கார் கிடையாது. ஆகவே அது நகராமல் நின்றபோதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. துணி காயப்போடும் இடம் போய்விட்டதே என்பதுதான் அம்மாவின் கவலை.

அப்பா லேம்ப் ரூமில் வேலை பார்த்தார். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்கள் அங்கே ஆளுக்கொரு விளக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கொக்கி. ஷிஃப்டு முடிந்தும் ஒரு கொக்கி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

இந்தப் பழக்கத்தை அப்பா காருக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொன்றுக்கும் மேலே சாக்பீஸால் எண் போட்டிருந்தார். எஞ்சினிலிருந்து கழற்றும் நட்டு, வாஷர் எல்லாம் அந்த ஆணிகளில் ஏறும். திரும்ப மாட்டத் தொடங்கும் முன் எல்லா ஆணியும் நிறைந்திருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது எஞ்சினுக்குள் விழுந்திருக்கலாம், தெரியாமல் கிளப்பினால் வண்டி அவ்வளவுதான் என்பார். எண்ணுகிற வேலை என்னுடையது. நாலாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த முறை எஞ்சினைத் திறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பூதிகோட்டையில் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், மூன்று வருடம் கழித்து எங்களைக் கூப்பிட்டிருந்தார். அவருடைய தம்பி, எங்கள் சின்ன மாமா, சுரங்கத்தில் இறந்துபோன நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இப்போது என் தம்பிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு முகூர்த்தம், வந்து சேருங்கள் என்று ஆள் விட்டிருந்தார். அம்மா அன்று அழுதாள். பிறகு பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை வெயிலில் போட்டாள்.

ஆனால் கார் மேடு ஏற மறுத்தது. எஞ்சினுக்குள் கரி அடைத்திருக்கிறது என்று சொல்லி அப்பா அதன் தலைப்பாகத்தையே கழற்றினார். இரண்டு வாரம் ஷிஃப்டு முடிந்து வந்ததும் அதே வேலை. கரியைச் சுரண்ட அம்மாவின் தோசைத் திருப்பி போனது. வால்வுகளில் பசை தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மோர் கடைவதுபோல் உருட்டி உருட்டித் தேய்த்தார். வீட்டில் சோறுகூட மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் அந்தப் பலகையை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் காட்டப் போனேன். எந்த ஆணியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டேன். சொல்லவும் சொன்னேன். திரும்பும்போது பலகை சாய்ந்தது. ஏழாம் எண் ஆணியிலிருந்து ஒரு பித்தளை நட்டு கழன்று உருண்டு எங்கேயோ போய்விட்டது. புகைக்குழாயை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஆறு நட்டுகளில் அது ஒன்று. முழங்கால் தேயத் தேடினேன், கிடைக்கவில்லை. அப்பாவின் தகர டப்பாவில் பழைய நட்டுகள் கிடந்தன. அதே அளவில், அதே பித்தளையில் ஒன்றைப் பொறுக்கி ஏழாம் ஆணியில் மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும், “எண்ணிட்டியா கண்ணு?” என்றார்.

“எண்ணிட்டேம்ப்பா. எல்லா ஆணியும் நெறஞ்சிருக்குது.”

அவரும் ஒருமுறை எண்ணினார். சரியாக இருந்தது. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் கைகழுவினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் கிளம்பி நின்றோம். அம்மா பட்டுப்புடவையில், தம்பி புதுச்சட்டையில். அப்பா சாவியைக் கையில் எடுத்த நேரத்தில், தண்ணீர் டிரம் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த தம்பி ஓடிவந்து அவர் கையில் எதையோ வைத்தான். அந்தப் பித்தளை நட்டு.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி படிந்திருந்தது. “இது இந்த எஞ்சின்ல இருந்ததுதான்” என்றார். “எண்ணிக்கை சரியா இருந்துது. அப்புறம் இது எப்படி வெளிய இருக்குது?”

“டப்பாவுலேர்ந்து வுழுந்திருக்கும். ஏறுங்க, நேரமாவுது” என்றாள் அம்மா.

அப்பா சாவியை வேட்டி மடிப்பில் செருகிவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தார். புகைக்குழாயின் ஆறு நட்டுகளையும் தொட்டுப் பார்த்தார். ஆறும் இருந்தன. அது அவருக்கு இன்னும் மோசமாகப்பட்டது. ஆறும் இருக்க, கையில் இருப்பது எங்கே கழன்றது? ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

“இன்னாங்க இது, ஒரு நட்டுக்கா இவ்ளோ ரகளை? எங்கண்ணன் மூணு வருசம் கழிச்சு கூப்பிட்டுக்கீறாரு. இன்னிக்கு போவலன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிடமாட்டாரு.”

“கணக்கு இடிக்குது. நான் வண்டிய எடுக்கமாட்டேன்.”

காலை பஸ் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அம்மா பட்டுப்புடவையோடு படியில் உட்கார்ந்து அப்பாவை, அந்த வெள்ளைக்காரரை, காரை என்று வரிசையாகத் திட்டினாள். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. திட்டு நின்று, சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா எஞ்சினின் தலையைக் கழற்ற ஸ்பேனரை வைத்தபோது, நான் போய் அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா அடிக்கவுமில்லை, கத்தவுமில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காரின் படியில் உட்கார்ந்தார். அந்த நட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“குறையுதுன்னு சொல்லியிருந்தா தேடியிருப்பேனே கண்ணு” என்றார்.

ஓங்கிய கையை அம்மா மெதுவாக இறக்கிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அடி விழுந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, நாங்கள் பூதிகோட்டை போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டுக்கு மேல். கார் வழியில் ஒருமுறைகூட முக்கவில்லை. பந்தியெல்லாம் முடிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மாமா வாசலில் நின்றிருந்தார். ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

“ஊரக் கூட்டி வச்சிக்கினு நான் தனியா உக்காந்திருந்தேன். எனக்கு இந்த அவமானம் வோணும்” என்றார் அம்மாவிடம். அப்பாவை அவர் பார்க்கவே இல்லை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்மேல் பழி போட அவருக்கு மனம் வரவில்லை. அம்மா திரும்பிக் காரை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நான் மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

“நான்தான் மாமா” என்றேன். “நட்டு தொலைஞ்சுபூட்டுது. ஆணி காலியா இருந்தா அப்பாவுக்குத் தெரிஞ்சுடுமேன்னு வேற நட்ட மாட்டிவச்சேன். அப்பா எண்ணிப் பார்த்தாரு, சரியா இருந்துது. காலைல அது கெடைச்சதும் வண்டிய எடுக்கமாட்டேன்னுட்டாரு.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அப்பாவைப் பார்த்தார்.

“அன்னிக்கும் இப்படித்தானா மாப்ள?”

“இப்படித்தான் மச்சான். அன்னிக்கே சொன்னேன்.”

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா பாதி வழியில் நின்றுவிட்டாள். பிறகு மாமா வந்து அப்பாவின் கிரீஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். இலை போட்டு அவரே பரிமாறினார். முகூர்த்தம் போனால் போகிறது என்று தட்டாரைத் திரும்ப வரவழைத்து, தம்பியை மடியில் வைத்துக் காது குத்தினார்.

மாமா கேட்ட அந்த ‘அன்னிக்கு’ எது என்பதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். சின்ன மாமா இறங்கிய அந்த ஷிஃப்டில், அவருடைய விளக்கு திரும்பி வரவில்லை. காலிக் கொக்கி இருக்கும்வரை வீட்டுக்குப் போக முடியாதே என்று நினைத்த லேம்ப் ரூம் ஆள் ஒருவன், ரிப்பேருக்கு வைத்திருந்த வேறொரு விளக்கை எடுத்து அந்தக் காலிக் கொக்கியில் மாட்டிவிட்டான். அப்பா எண்ணினார். எல்லாக் கொக்கியும் நிறைந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பாறை சரிந்த இடத்தில் சின்ன மாமாவை மறுநாள் காலையில்தான் தேடினார்கள். அப்போது நேரம் கடந்துவிட்டிருந்தது. அப்பா எண்ணாமலே வந்துவிட்டார் என்றுதான் பெரிய மாமா அதுவரை நம்பியிருந்தார்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையைத் தடவி, தட்டு நிறைய அதிரசம் வைத்தார். நட்டைத் தொலைத்ததற்கு இவ்வளவு கிடைக்குமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே நான் எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன்.